ஹெண்ணு பார்க்க வந்த போலீஸ்

மத்தூரில் வாழும் அன்பு மச்சான் முனிராஜுக்கு, சூளகிரியிலிருந்து உன் அக்கா புருஷன் சென்னகிருஷ்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்கா வெங்கடம்மாள், மகள் பிரவீனா, கறவை மாடு இரண்டும் சுகம். போனில் சொன்னால் உன் அக்கா நடுவில் புகுந்து பேசுவாள். அதனால்தான் கடிதம்.

சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. பிரவீனாவைப் பெண் பார்க்க அத்திப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் போண்டாவைக்கூடத் தொடாமல் ஓடிவிட்டார்கள். காரணம் ரோந்துக் காவலர் அஸ்வின். நாற்பது ஊருக்கு ஒரே ஸ்டேஷன், வாரம் ஒரு தரம் வந்து ரேஷன் கடையில் வைத்திருக்கும் ரோந்து நோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். இவர் நாலு தரம் வருகிறார், அவ்வளவு கடமை உணர்ச்சி. ஆனால் தெற்கத்தி ஆள் போலிருக்கிறது, கன்னடம் சுத்தமாக வராது. வாசலில் கார்களைப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறார். உன் அக்காவுக்கு அவசரத்தில் கன்னடம்தான் வாயில் வரும், வீட்டில் ஹெண்ணு இருக்கிறது, பார்க்க வந்திருக்கிறார்கள் என்றாளாம். ஹெண்ணு என்றால் பெண், ஹெண என்றால் பிணம். அவர் காதில் பிணம் விழுந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று தமிழில் கேட்டாராம். இவளும் பெருமூச்சு விட்டு, "மூணு வருஷமா வூட்லயே வெச்சிருக்கோம் சார், இன்னைக்குத்தான் எடுக்க ஆள் வந்திருக்கு" என்றிருக்கிறாள்.

அஸ்வின் கையுறை மாட்டி, மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, எங்கே என்றார். நான் விவரம் புரியாமல், அலங்காரம் நடக்கிறது, அஞ்சு நிமிஷம் என்றேன். உடனே தொப்பியைக் கழற்றிவிட்டு, பிணத்தைப் பார்த்ததற்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும்படி மாப்பிள்ளையின் அப்பாவிடம் நோட்டை நீட்டினார். நான் விளக்குவதற்குள் அந்த மனிதர் என் செருப்பில் ஒன்றை மாட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டார். அருமையான இடம் மச்சான். பிரவீனா கம்பெனி வேலையை விடவேண்டும் என்ற ஒரே நிபந்தனைதான். வயிறு எரிகிறது. நீ போலீஸ் ஆபீசில் டைப் அடிக்கிறவன், பெரியவர்களிடம் சொல்லி அஸ்வினைக் கன்னடமே காதில் விழாத ஊருக்கு மாற்றிவிடு.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உன் வீட்டம்மாவுக்கு விசாரிப்புகள்.

சென்னகிருஷ்ணன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் பிரவீனா இதைப் படித்துவிட்டாள். "அப்பா, அவரு தெற்கத்தி ஆளு இல்ல, நம்ம பக்கத்துத் தளி ஊர்க்காரரு. அவங்க வூட்ல பேசறதே கன்னடம்தான். நான்தான் வரச் சொன்னேன்" என்றாள். கோபப்பட வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. மாற்றல் வேண்டாம் மச்சான். போட்டுத்தான் ஆகவேண்டுமென்றால், இவள் கம்பெனிக்குப் பக்கத்தில் எங்கேயாவது போடச் சொல்.