நாலு தீப்பெட்டி விரிசல்

எமலோகத்தில் சித்திரகுப்தனுக்கு என்றைக்காவது லீவு தேவைப்பட்டால், தைரியமாக எங்கள் தீப்பெட்டி அண்ணாச்சியை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போகலாம். ஒரு கறை தப்பாது.

கோவில்பட்டியில் நாங்கள் மூன்று வருடம் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். பக்கத்து வீட்டில்தான் இருந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர். தீப்பெட்டி என்றதும் பெரிய தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். பீடி பற்றவைக்கிற பழக்கம்கூடக் கிடையாது. ஆனால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு காலித் தீப்பெட்டி இருக்கும். சுவரில் கறையோ கீறலோ கண்ணில் பட்டால், பக்கத்தில் அந்தத் தீப்பெட்டியை ஒட்டிப் பிடித்து செல்போனில் ஒரு படம் எடுப்பார். கறை எத்தனை தீப்பெட்டி நீளம் என்று அந்தப் படம் காலத்துக்கும் சாட்சி சொல்லும்.

“ஸ்கேல் வச்சு அளக்கலாம்லா அண்ணாச்சி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஸ்கேலு கடைக்கு ஒரு சைஸ்ல விக்கான். தீப்பெட்டி ஏமாத்தாது” என்றார்.

நாங்கள் குடிவந்தது ஒரு கார்த்திகை மாதம். என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். நல்ல நேரம் பார்த்து அவள் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள், இவர் செல்போனோடு உள்ளே வந்து, “அடுப்பக் கொஞ்சம் நவுத்துங்க டீச்சர், அடியில டைல்ஸ படம் எடுக்கணும்” என்றார். நகர்த்தினோம். எடுத்துவிட்டுச் சொன்னார்: “பால் நல்லா பொங்கட்டும். ஆனா மேடையில சிந்தப்படாது.”

அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும். புத்தி வேலை செய்யவில்லை.

ஆணி அடிப்பது இருக்கிறதே, அது தனிக்கூத்து. சுத்தியலின் முதல் அடி விழுந்து இரண்டாவது அடி விழுவதற்குள் ஆள் வாசலில் நிற்பார்.

“எதுக்கு ஆணி?”

“காலண்டர் மாட்ட அண்ணாச்சி.”

“அங்கன ஒரு ஆணி இருக்கே?”

“அதுல கடிகாரம் இருக்கு.”

“கடிகாரத்துக்குக் கீழயே காலண்டர மாட்டுங்க. ரெண்டும் நேரங்காலந்தான காட்டுது.”

மூன்று வருடமும் எங்கள் காலண்டர் கடிகாரத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியது. ஆனால் மழைக்குக் கூரை ஒழுகுகிறது, வந்து படம் எடுங்கள் என்று கூப்பிட்டால் மட்டும் அண்ணாச்சியின் செல்போனில் சார்ஜ் இருக்காது.

போன வைகாசியில் என் மனைவிக்குக் கழுகுமலைக்கு மாற்றல் வந்தது. அங்கே அலைந்து திரிந்ததில் ஒரே ஒரு வீடுதான் தோதாக இருந்தது. வீட்டுக்கார அம்மாள் மளிகைக்கடை வைத்திருந்தவர், விவரமானவர். “சாமான ஏத்துங்க. நீங்க கெளம்பும்போது பழைய வீட்டுக்காரருக்கு நானே போன் போடுதேன். அவிய நல்ல வார்த்தை சொன்னா சாவி தாரேன். இல்லன்னா இன்னும் ரெண்டு குடும்பம் கேட்டுக்கிட்டு நிக்குது” என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. எங்கள் குடித்தனமே தீப்பெட்டி அண்ணாச்சியின் நாக்கில் தொங்கியது.

என் மனைவி இரண்டு நாள் முட்டிபோட்டு, பழைய பல் பிரஷ்ஷால் டைல்ஸ் இடுக்கையெல்லாம் தேய்த்தாள். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

“வீட்ட நல்லா கழுவி விட்டுருங்க டீச்சர். ஆனா தண்ணியப் புழங்காதீங்க. எட்டு நாளைக்கு ஒருக்காத்தான் வருது.”

“அப்ப எச்சித் துப்பியா அண்ணாச்சி கழுவச் சொல்லுதீங்க?” என்றாள் அவள். அண்ணாச்சி அதையும் யோசித்துப் பார்த்தது போலத்தான் எனக்குத் தெரிந்தது.

கிளம்புகிற நாள். சாமான் ஏற்றிய குட்டியானை வண்டி வாசலில் நிற்கிறது. அண்ணாச்சி ஒரு கையில் செல்போன், மறு கையில் தீப்பெட்டியோடு அறை அறையாக வந்தார். பழைய படத்தைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், “ம்” என்பார். ஹால் சுவரில் வந்து நின்றார். நாங்கள் வரும்போது ஒரு தீப்பெட்டி நீளம் இருந்த விரிசல் இப்போது நாலு தீப்பெட்டி ஆகியிருந்தது.

“கதவ அடிச்சு அடிச்சுச் சாத்துனீங்க. அதான்.”

“அண்ணாச்சி, இது கரிசல் பூமி. நாங்க வந்தது மழைக்காலம். இப்ப வெயிலுக்குக் காடே வெடிச்சுக் கெடக்கு. மழை பேஞ்சா தன்னால மூடிக்கிடும்” என்றாள் என் மனைவி.

அண்ணாச்சி தீப்பெட்டியை விரிசலில் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். “அப்ப ஒண்ணு செய்யுங்க. ஐப்பசி மழை பேயட்டும். விரிசல் மூடட்டும். எடுத்த மாதிரியே வீட்டக் கொடுத்துட்டுப் போங்க.”

வெளியே டிரைவர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தான். “ஏலே, அடிக்காதல! சுவரு அதிரும்லா!” என்று அண்ணாச்சி கத்தினார். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் போனும் அடித்தது. கழுகுமலைக்காரம்மாள்.

அண்ணாச்சிக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதனால் எல்லாம் எங்களுக்கும் கேட்டது.

“ஆளுக எப்படி அண்ணாச்சி?” என்றது போன்.

“ஆணி அடிக்கப் பாத்த தடம் ஆறு இருக்கு. ஹால்ல விரிசல் நாலு தீப்பெட்டி. கறி வச்சா மணம் எங்க வீட்டுக்குள்ள வந்துரும்.”

“மணம் மட்டுந்தானா?”

“கிண்ணத்துல கறியும் வரும். அது வேற விசயம்.”

“சரி, நான் வீட்டக் குடுக்கலாமா, வேண்டாமா?”

“குடுக்காதீங்க” என்றார் அண்ணாச்சி.

பாத்திர மூட்டையை இடுக்கிக்கொண்டு நின்ற என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தீப்பெட்டியைப் பிடுங்கி மிதிக்கலாமா என்றிருந்தது.

“ஏன் அண்ணாச்சி?” என்றது போன்.

“நீங்க குடுக்கலைன்னா இங்கனயே இருப்பாவள்லா” என்றார். குரல் இறங்கிவிட்டது. எங்களைப் பார்க்காமல் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனில் அந்த அம்மாள் சிரித்தார். “மூணு வருசம் இருந்தவியள விடமாட்டேங்குதீங்க. இதவிட நல்ல வார்த்தை எனக்கு என்ன வேணும்? டீச்சர உடனே வரச் சொல்லுங்க.”

ஐப்பசியில் கழுகுமலையிலும் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் வாட்ஸ்அப்பில் அண்ணாச்சி ஒரு படம் அனுப்பியிருந்தார். அதே சுவர், அதே தீப்பெட்டி. கீழே எழுதியிருந்தார்: ‘ஒரு தீப்பெட்டி ஆயிட்டு. வீடு காலியாத்தான் கெடக்கு. டீச்சர்ட்ட சொல்லவும்.’

என் மனைவி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். “பாவி மனுசன்” என்றாள்.

இந்த வீட்டில் எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். எங்கள் காலண்டர் மட்டும் இன்னும் கடிகாரத்துக்குக் கீழேதான் தொங்குகிறது.