தொப்பிக்காரர் வீட்டுத் தலை

தொப்பி மறுபடியும் விழுந்தது.

அப்துல் முத்தலிப் அதை எடுத்து, தூசி ஊதி, நான்கு மாதக் குழந்தையின் தலையில் மூன்றாவது முறையாக வைத்தார். கறுப்பு வெல்வெட் தொப்பி. வருகிற நோன்புப் பெருநாளுக்கு மகன் ஜமால் முகம்மது போட்டுக்கொள்ள வேண்டும் என்று, இரண்டு மாதம் முன்கூட்டியே தைத்து முடித்தது.

தொப்பி ஒரு நொடி நின்றது. அப்புறம் வலப்பக்கமாகச் சரிந்து பாயில் விழுந்தது.

"ருக்கையா!"

துவைத்த துணி வாளியை இடது கையில் தூக்கிக்கொண்டு மனைவி வந்தாள்.

"தொப்பி சரியா இல்லையாங்க?"

"என் தொப்பியில தப்பு வருமா? தலை சரியா இல்ல!"

முத்தலிப் அப்படிப் பேசக்கூடியவர்தான். சிங்கப்பூர் டன்லப் ஸ்ட்ரீட்டில் பதினெட்டு வருஷமாகத் தொப்பி தைக்கிறார். மனிதர்களை அவருக்கு நெற்றிக்கு மேலேதான் தெரியும். பள்ளிவாசல் வாசலில் யாராவது சலாம் சொன்னால், 'இருபத்தொன்றரை அங்குலம்' என்றுதான் முதலில் நினைவு வரும். பெயர் பிறகு வரும். சில சமயம் வராமலே போகும்.

குழந்தையைத் திருப்பிப் பின்மண்டையைத் தடவினார். வலப்பக்கம் தட்டை. தட்டில் வைத்த கொழுக்கட்டையின் அடிப்பாகம் மாதிரி.

மெல்லிய கம்பியைத் தலையைச் சுற்றி வளைத்து, அப்படியே அட்டையில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். முட்டை வரவேண்டிய இடத்தில் மாங்காய் வந்தது.

"எப்பப் பாரு வலப்பக்கமே திரும்பிக்கிறான்" என்றாள் ருக்கையா மெதுவாக. "என்னங்க... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தலையைப் பத்தியா?"

"இல்ல..."

"அப்ப பெருநாள் கழிச்சுப் பாத்துக்கலாம்."

அட்டையோடு மாடிப்படி இறங்கிவிட்டார்.

கீழே, ஐந்தடி நடைபாதையில் தேத்தண்ணீர்க் கடை போட்டிருந்த நூர்தீன் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன பாய், சிங்கப்பூர் மேப்பா?"

"என் மகன் தலை."

நூர்தீன் சிரிக்கவில்லை. அதுதான் முத்தலிப்பைப் பயமுறுத்தியது.

"மண்டை எலும்பு இப்ப பிசைஞ்ச மாவுலா. ஆறு மாசத்துல செங்கல்லு. அதுக்குள்ள உருட்டலைன்னா கோணினது கோணினதுதான். வெளிய கோணினா பரவாயில்ல, தொப்பி போட்டு மறைச்சுக்கலாம். உள்ள மூளையும் சேர்ந்து கோணிட்டா? பேச்சு வராது, படிப்பு ஏறாது."

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை.

ஆறு மாதத்துக்கு இன்னும் இரண்டே மாதம்.

அன்றே வேலையில் இறங்கினார். கடையிலிருந்து தொப்பி மாட்டி வைக்கும் மரத்தலை ஒன்றைக் கொண்டுவந்து, கைலித் தொட்டிலுக்குள் குழந்தையின் வலப்பக்கம் அணைகட்டினார். இனி எப்படித் திரும்புவான்?

திரும்பவில்லை. ஆனால் தொட்டில் ஆடியது. தொட்டில் ஆடினால் மரத்தலையும் ஆடும் என்று அவர் யோசிக்கவில்லை.

குழந்தை வீறிட்ட சத்தத்தில் பக்கத்து அறை மங்களம் கரண்டியோடு ஓடிவந்தாள். ஜமாலின் நெற்றியில் நெல்லிக்காய் அளவு புடைப்பு.

"ஏன் பாய், பச்சைப்புள்ளை பக்கத்துல கட்டையப் போடுவாங்களா?"

"அது கட்டை இல்ல. பதினெட்டு அங்குலம், பர்மா தேக்கு."

"தேக்கா இருந்தா மட்டும் வலிக்காதா?"

இரண்டாவது அட்டையில் மாங்காய்க்கு மூக்கு முளைத்திருந்தது.

"கடுகுத் தலையணை" என்றார் நூர்தீன் மறுநாள். "எங்க ஊர்ல எல்லாப் பிள்ளையும் கடுகுலதான் படுக்கும். தலை எந்தப் பக்கம் போனாலும் கடுகு விலகிக் குடுக்கும். தானா உருண்டுடும்லா."

தைக்கச் சொன்னால் ருக்கையா ஊசியை இடது கையில் பிடித்துத் தடுமாறினாள். முத்தலிப் பிடுங்கித் தானே தைத்தார். வெல்வெட் உறை, ஓரத்தில் சரிகை. சிங்கப்பூரிலேயே அவ்வளவு அழகான கடுகுத் தலையணை இருந்திருக்காது. உள்ளே இரண்டரை ராத்தல் கடுகு.

ஆனால் ஊரில் உறை பருத்தித் துணி. தலையணையைத் தினம் வெயிலில் போடுவார்கள். இங்கே மழைக்காலம், வெல்வெட், குழந்தையின் எச்சில், வியர்வை, கக்கிய பால்.

நான்காம் நாள் காலை மங்களம் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாய், இது என்ன கீரை?"

தையல் இடைவெளியெல்லாம் பச்சைப் பசேலென்று முளை. அதன் நடுவில் ஜமால் முகம்மது, பாத்தியில் விளைந்த பூசணிக்காய் மாதிரி, வலப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கழுத்திலும் காதோரத்திலும் கொப்புளம் கொப்புளமாக வேர்க்குரு.

முத்தலிப் மூன்றாவது அட்டை வரைந்தார். தட்டை இன்னும் கொஞ்சம் தட்டையாகியிருந்தது.

வேர்க்குருவுக்கு மருந்து தடவ வந்தவள் மலாய் மருத்துவச்சி மினா. குழந்தையை மடியில் போட்டு, தேங்காய் எண்ணெயைத் தன் கையில் சூடுபறக்கத் தேய்த்து, தலையை இரண்டு உள்ளங்கையாலும் வட்டமாக, மிக மிக மெதுவாகத் தடவினாள். ஜமால் கொட்டாவி விட்டான்.

முத்தலிப்பின் கண் விரிந்தது. இது அவருடைய வேலையல்லவா! ஈர அட்டையை மரத்தலையில் ஏற்றி, அழுத்தி, உருட்டி... பதினெட்டு வருஷமாக இதைத்தானே செய்கிறார்!

மறுநாளிலிருந்து மூன்று வேளையும் அவரே அழுத்தினார். தொப்பிக்காரரின் கட்டைவிரல், அட்டையை வளைத்து வளைத்துக் காய்த்துப்போன விரல். இரண்டே நாளில், மாடிப்படியில் அப்பா காலடி கேட்டாலே குழந்தை அலற ஆரம்பித்தான். அலறி, முகத்தை அம்மாவின் இடது தோளில் புதைத்துக்கொண்டான். அப்படிப் புதைக்கவும் வலப்பக்கம்தான் திரும்ப வேண்டியிருந்தது.

மினாவுக்குச் செய்தி போய், அவள் வந்து வாசலிலேயே நின்று திட்டினாள். மலாயில் திட்டினாலும் எல்லாருக்கும் புரிந்தது. போகும்போது ருக்கையாவைக் கூர்ந்து பார்த்து, ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஒரே கையில பிள்ளையை வைக்காதே. ஒரு நேரம் இந்தக் கை, ஒரு நேரம் அந்தக் கை. மாத்திப் போடு. தலை தானா சரியாகும்."

முத்தலிப்புக்குச் சட்டென்று விளங்கியது.

"அடிப்பாவி, நீதானா!"

குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். யோசிக்க யோசிக்க சாட்சிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. குழந்தையைத் தூக்குவது இடது கையில். நடப்பது இடது தோளில் போட்டு. வேலை செய்வதிலும் அதே சோம்பேறித்தனம். துணி காயப்போடும் மூங்கில் கம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்ட அவளுக்குக் கை எழவில்லை. நாலு மாதமாக அதையும் மங்களம்தான் செய்கிறாள். மசாலாவும் மங்களம்தான் அரைக்கிறாள்.

"பிள்ளை பெத்துட்டா மகாராணியா? ஒரு கையாலேயே குடித்தனம் நடத்துறியே, இன்னொரு கை என்ன வாடகைக்கா விட்டிருக்கே?"

ருக்கையா சுவரைப் பார்த்தாள்.

"அதான் உங்ககிட்ட சொல்லணும்னு..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். செஞ்சு காட்டு. இன்னிலேருந்து வலது கை. தூக்கறது, குடுக்கறது, தூங்க வைக்கிறது எல்லாம் வலது பக்கம். பிள்ளை மூளை கோணிப்போனா அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்!"

அவள் முகம் காகிதமாக வெளுத்தது. குனிந்து, குழந்தையை வலது கையில் ஏந்தி, மார்போடு அணைத்தாள்.

அடுத்த கணம் ஒரு சத்தம் வந்தது. குழந்தையின் சத்தமல்ல.

கை விட்டுப்போயிற்று. ஜமால் நழுவினான். வாசலில் நின்றிருந்த மங்களம் பாய்ந்து, தரைக்கு ஒரு சாண் மேலே, சேலை முந்தானையோடு சேர்த்துப் பிடித்தாள்.

"யா அல்லா!" முத்தலிப் தலையில் அடித்துக்கொண்டார். அவர் தொப்பியும் விழுந்தது. "வேணும்னே போட்டுட்டாளே! தட்டைத் தலையை உடைச்சே போட்டிருப்பாளே!"

"போதும் பாய்!" மங்களம் கத்தினாள். "கட்டையும் கடுகும் போதும். கிளம்புங்க கிளினிக்குக்கு. அக்காவும் வரட்டும்."

"அவ எதுக்கு?"

"பால் யாரு குடுப்பா? நீங்களா?"

அரை மணியில் அவர்களை ஏற்றிவந்த மூன்று சக்கர டிரிஷா வண்டி கிளினிக் வாசலில் நின்றது.

ஊரில் பிள்ளைப்பேறு பெருகியிருந்த காலம். நீள பெஞ்சில் இருபது தாய்மார், நடுவில் முத்தலிப் மட்டும் ஆண். மடியில் மூன்று அட்டை, பையில் கம்பி, கீரை முளைத்த தலையணை. மிஸ்ஸி என்று எல்லாரும் அழைக்கும் நெட்டையான தமிழ் நர்ஸ் ஒருத்தி பெயரைக் கூப்பிட்டாள். மேஜையின் மறுபுறம் சீன லேடி டாக்டர்.

முத்தலிப் அட்டைகளைத் தேதி வாரியாக மேஜையில் பரப்பினார்.

"இது முதல் வெள்ளிக்கிழமை. இது மரத்தலை வச்சதுக்கு அப்புறம். இது கடுகு. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் கால் அங்குலம் வித்தியாசம் மிஸ்ஸி. தாய் ஒரே கையில வச்சு வச்சுக் கெடுத்துட்டா. நீங்களே நல்லாச் சொல்லுங்க."

டாக்டர் குழந்தையின் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். விரலைச் சொடுக்கினாள், ஜமால் சிரித்தான். தலையணையைப் பார்த்து அவளும் சிரித்தாள். பிறகு ருக்கையாவைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. மிஸ்ஸியிடம் ஏதோ சொன்னாள்.

"அம்மா உள்ள வாங்க. பிள்ளைக்குப் பால் குடுங்க, டாக்டர் பாக்கணுமாம். பாய், நீங்க வெளிய இருங்க."

திரை விழுந்தது.

முத்தலிப் பெஞ்சில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். பக்கத்துப் பெண்ணின் குழந்தையைப் பார்த்து, "பதினாறு அங்குலம், நல்ல உருண்டை" என்று பாராட்டினார். அந்தப் பெண் குழந்தையை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டாள்.

திரைக்குப் பின்னால் டாக்டரின் குரல் கேட்டது. டெலிபோன் சுற்றும் சத்தம் கேட்டது. ருக்கையாவின் குரல் மட்டும் கேட்கவே இல்லை.

'வாங்கட்டும்' என்று நினைத்துக்கொண்டார். 'டாக்டர் சொன்னாலாவது புத்தி வரட்டும்.'

முக்கால் மணி கழித்துத் திரை விலகியது. மிஸ்ஸி குழந்தையோடு தனியாக வந்தாள். ஜமாலை அவர் கையில் வைத்தாள். அவன் வழக்கம்போல வலப்பக்கம் திரும்பி, யாரையோ தேடினான்.

முத்தலிப் அவசரமாகப் பையிலிருந்து கம்பியை எடுத்தார்.

"மூளைக்கு ஒண்ணும் இல்லையே மிஸ்ஸி? தலை உருண்டுடுமா? அவ ஒத்துக்கிட்டாளா?"

மிஸ்ஸி கம்பியை வாங்கி, பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள்.

"தலை தானா உருண்டுக்கும் பாய், அம்மா ஒரே பக்கம் பால் குடுத்ததால பிள்ளை ஒரே பக்கம் திரும்பியிருக்கான், அவங்க வலது மார்புல உங்க பிள்ளை கைமுட்டி அளவுக்குக் கல்லு மாதிரி ஒரு கட்டி இருக்கு, நாலு மாசமா உங்ககிட்ட சொல்ல நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்களாம்."