பின் குத்திய கை

கடைசிப் பின்னையும் குறட்டால் பிடுங்கித் தகரப் பேணிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது இரத்தினசிங்கத்தின் நாரி மடக்கென்றது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பியானோவைத் தட்டிக் கொடுத்தார்.

"எந்தக் குரங்கு செய்த வேலையோ! வாயில்லாச் சாமானுக்கு உடம்பெல்லாம் ஊசி."

மொத்தம் எண்பத்தெட்டு. நோட்டீஸ் பலகையில் கடதாசி குத்துகிற தட்டைத் தலைப் பின்கள். முன்பலகை கழற்றியிருந்த அந்தப் பழைய பியானோவுக்குள் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குட்டிச் சுத்தியல். சுத்தியலின் தலையில் கம்பளி. கம்பளியின் மூக்கில் ஒரு பின். அது போய்க் கம்பியில் அடித்தால் பாட்டா வரும்? கரண்டித் தட்டு கவிழ்ந்த சத்தம்தான் வரும்.

இரத்தினசிங்கம் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் ஃபிட்டர். பழுதான ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவருடைய கை சம்மதிக்காது. இப்போது வெளிநாட்டில், ஒனிஹங்கா என்ற ஊரில் துப்புரவு வேலை. ஆட்டு ரோமம் அடுக்கிய பழைய ஸ்டோர் ஒன்றைப் பாட்டுப் பதிகிற ஸ்டூடியோ ஆக்கி வைத்திருந்தான் ட்ரெவர் என்ற வெள்ளைக்காரன். காலை ஐந்திலிருந்து எட்டு வரை அங்கே கூட்டித் துடைத்து, கக்கூஸ் கழுவி, வெறும் பியர்ப் போத்தல் பொறுக்க வேண்டும்.

பின்னைப் பிடுங்கப் பிடுங்கக் கம்பளியும் கூடவே கழன்று வந்தது. பசை செத்துப்போன சாமான். அவர் அசரவில்லை. காருக்குள் கிடந்த இரட்டைக் குழாய்ப் பசையை எடுத்து வந்தார். இரும்போடு இரும்பை ஒட்டுகிற பசை. எண்பத்தெட்டுக் கம்பளியையும் ஒட்டி முடித்து, ஒரு கட்டையை அமத்திப் பார்த்தார். சத்தம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

"இனிக் கையெழுத்து வைக்காமல் எங்க போறார், பாப்பம்!"

அந்தக் கையெழுத்தில்தான் அவருடைய குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது. 'இவருக்கு என்னிடம் நிரந்தர வேலை உண்டு' என்று ட்ரெவர் ஒரு கடிதம் தர வேண்டும். அதை வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் நகரத்துக் குடிவரவு அலுவலகத்தில் கொடுத்தால் வதிவிட விசா. கொடுக்காவிட்டால் மாதக் கடைசியில் பெஞ்சாதி பிள்ளைகளோடு விமானம் ஏற வேண்டும். ஏறி எங்கே போவது? அவருடைய வீடு இருந்த இடத்தில் ஆமி முகாம் இருந்தது.

அன்று வியாழக்கிழமை.

எட்டு மணிக்கு ட்ரெவர் வந்தான். பின்னால் பாட்டுக் கோஷ்டி, மூன்று ஆண்களும் பச்சைத் தலைமயிர்ப் பெண் ஒருத்தியும். ஐம்பத்தேழாம் ஆண்டு நடக்கிற கதை ஒன்றைப் படமாக எடுக்கிறார்களாம். அந்தக் காலத்து ராக் அண்ட் ரோல் பாட்டுகளை இந்தக் காலத்து ராக் கோஷ்டி திரும்பப் பாடுகிறதாம். அந்தப் பாட்டுகளில் சிலதை இரத்தினசிங்கம் இலங்கை வானொலியில் கேட்டிருக்கிறார். பாடினவன் எப்படியும் தலை வாரிச் சட்டைப் பித்தான் பூட்டியிருப்பான் என்று அப்போது நினைத்தார். இவர்களுக்குச் சட்டையும் அரைவாசிதான் இருந்தது.

மூக்கில் வளையம் போட்டவன் பியானோவில் குந்தி இரண்டு கையாலும் ஓங்கி அடித்தான். அடித்த கையைப் பாம்பு தீண்டியதுபோல இழுத்துக்கொண்டான்.

ட்ரெவரின் கையிலிருந்த கோப்பிக் கோப்பை தரையில் விழுந்தது.

"யார் இதைத் தொட்டது?"

"நான்தான்," என்று முன்னே வந்தார் இரத்தினசிங்கம். "வெரி பேட் கண்டிஷன், பாஸ். நவ் ஃபிக்ஸ்ட். ஃபிரீ."

ஆறடி மனிதன் தரையில் உட்கார்ந்துவிட்டான், கொட்டுண்ட கோப்பிக்கு மேலேயே. பச்சைத் தலைமயிர்க்காரி அழத் தொடங்கினாள். மூக்கு வளையம் பியானோவுக்குள் தலையை விட்டு, "ஒன்றுகூட இல்லை... ஒன்றுகூட இல்லை..." என்று செத்த வீட்டில் போலப் புலம்பினான்.

"அந்தப் பின்கள்தான் சத்தம்!" என்று கத்தினான் ட்ரெவர். "அந்தச் சத்தம்தான் படம்!"

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. எங்கேயோ இடித்த நடன மண்டபம் ஒன்றின் ஏலத்தில், மூலையில் வைக்க அழகாயிருக்கும் என்றுதான் ட்ரெவர் அதை வாங்கினான். வந்து பல நாள் யாரும் தொடவில்லை. பிறகு கோஷ்டி வந்து முதல் கட்டையை அடித்ததும் எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்ததாம். திறந்து பார்த்தால் பின்கள்.

"ஐம்பத்தேழில் எவனோ ஒரு மேதை தன் கையால் குத்தியிருக்கிறான். முப்பத்தேழு வருடம்! ஒரு பின்னிலாவது துரு இருந்ததா, சொல்லு?"

"இல்லை, பாஸ். புதுசு மாதிரித்தான் இருந்தது."

"பார்த்தாயா! அது அந்தக் காலத்து இரும்பு!"

ஐந்து பாட்டு அந்தச் சத்தத்தோடு பதிந்தாயிற்று. இரண்டு மீதி. படக் கம்பனிக்காரி இரண்டு மணிக்கு நேரில் கேட்க வருகிறாள். அதற்குள் பின்கள் பழையபடி இருக்க வேண்டும். பின்கள் எங்கே?

பின்கள் பேணியோடு குப்பைப் பையில். குப்பைப் பை லொறியில். லொறி போய் அரை மணித்தியாலம்.

உடைந்ததைத் திருத்தினால் வேலை போகிற நாடு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று இரத்தினசிங்கத்துக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "டூ ஓ க்ளொக், பாஸ். நோ ப்ரொப்ளம்," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கடைத்தெருவில் இரண்டு பெட்டி பின் வாங்கி வந்து குத்தினார். பின் மடங்கியது. பசை கருங்கல்லாகக் காய்ந்திருந்தது. சுத்தியலால் மெல்லத் தட்டினார். பின் இறங்கவில்லை, பியானோச் சுத்தியலின் காம்பு முறிந்தது. இன்னும் மெல்லத் தட்டினார். இன்னும் இரண்டு முறிந்தன.

ட்ரெவருக்குத் தெரியாமல் நரேந்திரனுக்கு ஃபோன் அடித்தார். நரேந்திரன் மலேசியாக்காரன். இரண்டு தெரு தள்ளி சோபாவுக்குத் துணி தைத்து ஆணி அடிக்கிற பட்டறையில் வேலை. பத்து நிமிடத்தில் துளை போடுகிற மெஷினும் ஒரு டப்பா சோபா ஆணியுமாக வந்து நின்றான்.

"அலாமக்! என்னாண்ணே இது, பியானோவா முள்ளம்பன்றியா?"

"பகிடி விடாதை தம்பி. என்ர விசா இதுக்குள்ளதான் கிடக்குது."

"பயப்படாதீங்கலா. இரும்பு கம்பியில படணும், அவ்ளோதானே? பின்னு என்னா, ஆணி என்னா? மெஷின்ல ஓட்டை போடுவோம், ஆணிய சொருகுவோம், முடிஞ்சிச்சு."

"உனக்குப் பியானோவைப் பற்றித் தெரியுமோ?"

"சோபா தெரியும்ணே. இதுவும் மரம்தானே?"

ஒரு மணிக்கு எண்பத்தைந்து ஆணியும் ஏறிவிட்டன. இரத்தினசிங்கம் ஒரு கட்டையை அமத்தினார். சத்தம் வந்தது. கட்டை மேலே வரவில்லை. ஆணியின் பாரத்தில் சுத்தியல் கம்பியிலேயே சாய்ந்து படுத்துவிட்டது. இன்னொன்றை அமத்தினார். அதுவும் போய்ப் பக்கத்தில் படுத்தது.

"இறுக்கமா இருக்குதுண்ணே. எண்ணெய் விட்டா ஓடும்."

ஃபிட்டருக்கும் அது சரியாகத்தான் பட்டது. தொழிற்சாலையில் எது இறுகினாலும் முதல் மருந்து எண்ணெய்தான். கார் எஞ்சின் எண்ணெயை மூட்டு மூட்டாக விட்டார். மரம் எண்ணெயைக் குடித்தது. குடித்து வீங்கியது. இப்போது ஒரு கட்டையை அமத்தினால் மூன்று சேர்ந்து இறங்கின.

"மூணு சத்தம் ஒரே தட்டுல, லாபம்தானே?" என்றான் நரேந்திரன்.

"வாயை மூடடா!"

"சரிண்ணே, எனக்கு சாப்பாட்டு நேரம் முடிஞ்சிருச்சு." துளை மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்குக் கறுப்புக் கோட்டுப் போட்ட கம்பனிக்காரி வந்தாள். கையில் தேநீரோடு நடுக்கதிரையில் உட்கார்ந்தாள். "என் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பியானோவைப் பற்றித்தான் பேச்சு," என்றாள். ட்ரெவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கண் மட்டும் இரத்தினசிங்கத்தைக் கேட்டது. இரத்தினசிங்கம் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு ஓமென்றும் பொருள் சொல்லலாம், இல்லையென்றும் சொல்லலாம்.

மூக்கு வளையம் கையை ஓங்கி முதல் அடியை அடித்தான்.

டணார்! ஒரு கம்பி அறுந்து சாட்டையாக எழும்பிப் பச்சைத் தலைமயிர்க்காரியின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி எறிந்தது. பயந்துபோனவன் இரண்டாவது அடியை இன்னும் பலமாக அடித்தான். பன்னிரண்டு கட்டைகள் ஒன்றாக உள்ளே போயின, ஒன்றும் திரும்பவில்லை. உள்ளிருந்து ஒரு சுத்தியல் தலை, சோபா ஆணியும் எண்ணெயுமாக, பறந்து வந்து கம்பனிக்காரியின் தேநீருக்குள் 'ப்ளக்' என்று இறங்கியது.

கம்பனிக்காரி கோப்பைக்குள் பார்த்தாள். தேநீருக்கு மேல் எண்ணெய் வானவில் போட்டுக்கொண்டிருந்தது.

"நாளைக் காலை எட்டு மணி," என்றாள் மெதுவாக. "பழைய சத்தம் இல்லையென்றால் நான் வேறு ஸ்டூடியோவுக்குப் போகிறேன். பதிந்த ஐந்தும் குப்பைக்கு."

அவள் போன பிறகு ட்ரெவர் கத்தவில்லை. அதுதான் இரத்தினசிங்கத்தை உலுக்கியது. சீமெந்து மேலாளர் கத்துகிற நாளில் சம்பளம் வெட்டுவார், கத்தாத நாளில் சீட்டைக் கிழிப்பார். ட்ரெவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தான். கடிதம். தட்டெழுதி, பெயர் போட்டு, திகதி போட்டுத் தயாராக இருந்தது. கையெழுத்து வைக்கிற இடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

"கம்பி கடையில் இருக்கிறது. புதுச் சுத்தியல் கடையில் இருக்கிறது. இன்றைக்கே ஆள் வைத்துப் போட்டுவிடுவேன்," என்றான். "ஆனால் அந்தக் கை எந்தக் கடையிலும் இல்லை. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் குத்தினான் என்று அவனுக்குத்தான் தெரியும். அந்தப் பின் குத்தின ஆளைக் கூட்டிக்கொண்டு வா. அந்த நிமிடமே கையெழுத்து."

"அவர்... இருக்கிறாரோ, பாஸ்?"

"இருந்தால் எண்பது வயது. அனேகமாக மண்ணுக்குள்."

வீடு இருந்த மவுண்ட் ரோஸ்கில் வரைக்கும் கார் எப்படி வந்தது என்று இரத்தினசிங்கத்துக்குத் தெரியாது. மோட்டலில் கட்டில் விரிக்கிற வேலை முடித்து வந்த பெஞ்சாதி யோகராணி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்? கடிதம் எங்க?"

"கடிதமோ? பெட்டியைக் கட்டும். போவம்."

நின்றபடியே சொன்னார். பியானோ என்றதும் அவளுடைய கத்தி நின்றது. பின் என்றதும் மீன் கையிலிருந்து வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது.

"எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டியளோ?"

"ஒண்டு விடாமல்."

"ஐயோ! உங்களுக்கென்ன விசரே? ஆரப்பா உங்களைப் பிடுங்கச் சொன்னது?"

"நீரும் அவன்ர பக்கமோ? நான் நல்லதுக்கெண்டுதான் செய்தனான். ஐம்பத்தேழாம் ஆண்டு குத்தின பின்னாம். குத்தின ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் கையெழுத்தாம். செத்தவனை நான் எந்தச் சவக்காலையில போய்த் தட்டி எழுப்ப?"

யோகராணி குழாயைத் திறந்தாள், மூடினாள், திரும்பத் திறந்தாள்.

"குத்தின ஆள் வந்தால் கட்டாயம் வைப்பாரோ?"

"வைப்பார்."

"பேச மாட்டாரோ? பொலிசைக் கூப்பிட மாட்டாரோ?"

"பொலிசோ? காலில விழுந்து கும்பிடுவார். மேதையெண்டெல்லோ சொல்லுறார்!"

அவள் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தாள். கொளுவியில் தொங்கிய கோட்டை எடுத்தாள்.

"கார்த் திறப்பை எடுங்கோ. போற வழியில ரெண்டு பெட்டி பின்னும் வாங்க வேணும்."

"எங்கயப்பா போறம்?"

"உங்களுக்கு நாரி பிடிச்சு ஒரு கிழமை எழும்பேலாமல் கிடக்க, வேலை போகப்படாதெண்டு ஆர் உங்களுக்குப் பதிலாப் போனது? அந்தப் பியானோப் பெட்டிக்குள்ள எலி நாத்தம். சோப்புப் போட்டுச் சுடுதண்ணி ஊத்தி உரஞ்சினன். கம்பளி அவ்வளவும் கழண்டு கொட்டுண்டு போச்சு."

இரத்தினசிங்கத்தின் கை கார்த் திறப்பைத் தேடியது.

"ஐம்பத்தேழாம் ஆண்டு எனக்கு நாலு வயசப்பா," என்றாள் யோகராணி, கோட்டுப் பித்தானைப் பூட்டிக்கொண்டே. "அந்தப் பின் எண்பத்தெட்டும் நான் குத்தினது போன மாசம்."