தேய்த்துக் கழுவிய சாட்சி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. அங்கே நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"மாமா, என்ன பார்த்தீங்களோ அத மட்டும் எழுதிக் குடுங்க, போதும்" என்றீர்கள். அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் அகழாய்வைத் தொடரவிடலாமா என்று முடிவுசெய்ய மேலிடத்துக் குழு வரப்போகிறதாம், அவர்களுக்கு "கவனக்குறைவு என்னுடையது" என்று முன்கூட்டியே எழுதிப் பழியை நீங்களே ஏற்றுக்கொண்டீர்களாம். மகள் சொன்னாள்.

நடந்தது இதுதான். மறைநூலில் வருகிற பஞ்சகால அரசன் வெறும் கதை என்று நீங்கள் சாப்பாட்டு மேஜையில் சொல்லப்போக ("கதைன்னு சொல்லல மாமா, மண்ணுல இன்னும் ஆதாரம் கிடைக்கலன்னுதான் சொன்னேன்" என்று நீங்கள் திருத்தியதும் நினைவிருக்கிறது), வார இறுதியில் மறைநூல் வகுப்பு எடுக்கிற எனக்கு அது மானப் பிரச்சினையாகி, நானே வந்து பார்க்கிறேன் என்று கிளம்பி வந்தேன், நீங்களும் மரியாதைக்கு, தோண்டியெடுத்த பானை ஓடுகளைக் கழுவும் கூடாரத்தில் என்னை உட்காரவைத்தீர்கள். பொறுப்பிலிருந்த அம்மா, "ஐயா, முதல்ல தண்ணில முக்கி எடுத்து மையெழுத்து இருக்கான்னு பாருங்க. இல்லன்னாதான் பிரஷ் போடணும்" என்று தெளிவாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆனால் நான் ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். கறையைக் கண்டால் என் கை என் பேச்சைக் கேட்காது. வாய் வேறு சும்மா இருக்கவில்லை. "பாருங்கம்மா, அந்த அரசன் இருந்தான்னு இந்த மண்ணே ஒருநாள் சாட்சி சொல்லும்" என்று நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோதே, கையிலிருந்த ஓட்டில் கறுப்பாக என்னவோ ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அடுப்புக்கரி என்று நினைத்து மூச்சைப் பிடித்துத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனதும் பெருமையாகத் தூக்கிக் காட்டினேன். அந்த அம்மா ஓட்டின் ஓரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஐயோ, இது மை ஐயா!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அழிந்த மையையும் காட்டுகிற உங்கள் விசேஷக் கேமராவுக்கும் அந்த ஓரத்தில் ஒரு புள்ளிக்கு மேல் அகப்படவில்லை. மண் பத்திரமாக வைத்திருந்ததை நான் ஒரு பழைய பல் பிரஷ்ஷால் முடித்துவைத்தேன்.

இதைவிடக் கேவலம் வகுப்பில் நடந்தது. செய்தி எப்படியோ பரவி, அங்கே வருகிற வங்கிக்காரர், "நம்ம அரசன் பேரே இருந்துச்சாமே ஐயா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் லேசாகச் சிரித்தேன். கைதட்டிவிட்டார்கள், மாப்பிள்ளை. பொய் சொல்லாதே என்று அதே நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறவன் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே சத்தியமாகச் சொல்கிறேன்: நான் பார்த்தவை இரண்டு கறுப்புக் கோடுகள். எழுத்தா, தெரியாது. பெயரா, தெரியாது. மறைநூல் உண்மை என்று இன்றைக்கும் நம்புகிறேன், ஆனால் அதைத் தூக்கி நிறுத்த என் அசட்டுச் சிரிப்பு தேவையில்லை. இந்தக் கடிதத்தைக் குழுவிடம் காட்டி, பழியை உரிய ஆள் தலையில் போடுங்கள். அடுத்த வகுப்பில் நானும் எழுந்து நின்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கும் மகளுக்கும் என் ஆசிகள். கொடுக்கிறவனுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்காமல் பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது நினைவுக்கு வருகிறது. இரண்டாவது கோட்டின் அடியில் ஒரு வளைவு இருந்தது. நம் அரசனுடைய பெயரின் முதல் எழுத்துக்கும் அதே இடத்தில்தான் வளைவு. அன்றைக்கு என் கண்ணில் படவே இல்லை, இப்போது துல்லியமாகத் தெரிகிறது. தயவுசெய்து குழுவைச் சீக்கிரம் வரச்சொல்லுங்கள் மாப்பிள்ளை, மீதி எழுத்துகளும் எனக்கு நினைவுக்கு வந்துவிடுவதற்குள்.