நண்டுச் சட்டிச் சோதனை

"இன்னும் கெளம்பலியா அந்தாளு?"

நண்டுக் கூடையை இறக்காமலே தன் சோற்றுக்கடை வாசலில் நின்று கேட்டான் தேசப்பன். உள்ளே அவன் மனைவி செல்வம்மாள் குழம்புச் சட்டியைத் திறந்து காட்ட, ஒல்லாந்துத் துரை குனிந்து முகர்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

கப்பல்காரர்கள் பத்துப் பேருக்கு வயிறு கெட்டதிலிருந்து, பழவேற்காட்டுச் சோற்றுக்கடைகளை வாரம் ஒருமுறை சோதிக்கும்படி கோட்டையில் உத்தரவு. மற்ற கடைகளில் துரை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இங்கே மட்டும் வாரத்தில் மூன்று நாள். வந்தால் சட்டி இறங்கும்வரை நகரமாட்டார்.

"சட்டியைப் பாக்கறானா, உன்னைப் பாக்கறானா?"

"போய்க் கேளேன். துபாஷி பக்கத்துலதான் நிக்கறாரு."

அவள் சிரித்ததுதான் தேசப்பனுக்கு இன்னும் எரிந்தது.

குறை இருப்பதால்தானே வருகிறான்? மறுநாள் ஏரிக்குப் போகாமல் சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பு அடித்தான். சட்டிகளைப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்தான். துரை பூரித்துப்போனார்.

"ஊர்லயே சுத்தமான கடை இதானாம். இனிமே தெனமும் இங்கதான் சாப்பிடுவாராம்," என்று துரையின் பேச்சைத் தமிழில் சொன்னார் துபாஷி ராஜவேலு.

அன்று தேசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் மீன் குடலை வாசலில் கொட்டி ஈயை வரவழைத்தான். துரை மூக்கைப் பொத்திக்கொண்டு உத்தரவு போட்டார்: கடை சீராகும்வரை காலை, மாலை இரண்டு வேளையும் சோதனை.

"உனுக்கு இன்னாய்யா ஆச்சு?" என்று செல்வம்மாள் துடைப்பத்தோடு வந்தாள்.

அவளைத் தோணிரேவில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுப்படியில் தானே உட்கார்ந்தான். அவள் இல்லாத கடையில் எவ்வளவு நேரம் நிற்பான், பார்த்துவிடலாம்.

துரை நின்றார். செல்வம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கள்ளன், என்று நினைத்துக்கொண்டான் தேசப்பன். கேள்விகள் மட்டும் ஓயவில்லை. கேட்டதையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டால் ஒழிவான் என்று கொட்டித் தீர்த்தான்: மிளகை எந்த நிறம்வரை வறுப்பது, புளியை எப்போது ஊற்றுவது, நண்டுக் காலை எங்கே தட்டுவது, செல்வம்மாள் யாருக்கும் சொல்லாத கடைசிச் சிட்டிகை வெந்தயப் பொடி வரை. கரண்டியைக் கையில் கொடுத்துக் கிண்டவும் வைத்தான்.

மறுநாள் துரை வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"பாத்தியா? தொரத்திட்டேன்!" ஊர் திரும்பிய செல்வம்மாளிடம் மீசையை முறுக்கினான்.

அப்போது துபாஷி தனியாக வந்தார்.

"இன்னா, உங்க துரையைக் காணோம்?"

"கோட்டை உத்தியோகத்தை உட்டுட்டாரு தேசப்பா. நாளைக்கு எதிர்ல நண்டுக் கொழம்புக் கடை தொறக்கறாரு."