கம்பளி போர்த்திய பீர்

மாவு புளிக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. பொங்குவது, நுரைப்பது, புளிப்பது எல்லாம் நமக்குப் பிறவியிலேயே தெரியும் என்ற திமிர். எனக்கு அது கொஞ்சம் கூடுதல். கவிதை வேறு எழுதுகிறவன். (எழுதியதை நான்கு பேர் படித்தார்கள். அதில் இருவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.)

துபாயில் மரங்களைவிட கிரேன்கள் அதிகமாக நின்ற காலம் அது. பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின்னால், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நானும் ரேவதியும் இருந்தோம். நான் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வரைபடம் வரைபவன். அங்கே சர்வேயராக இருந்த பீட்டர் என்ற வெள்ளைக்காரர் நிரந்தரமாக ஊர் திரும்பும்போது தன் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஒருவனுக்கு சைக்கிள், ஒருவனுக்கு மைக்ரோவேவ். எனக்கு ஒரு மூடி போட்ட பெரிய வாளி, மூடியில் செருக ஒரு கண்ணாடிக் குழாய், மால்ட் என்ற பார்லிப் பாகு அடைத்த டின் இரண்டு, ஈஸ்ட் பொட்டலம் இரண்டு. வீட்டிலேயே பீர் செய்யும் கிட்.

வாங்கவே அனுமதிச் சீட்டு வேண்டிய ஊரில் செய்வதற்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான்.

முதல் டின்னை டின்மேல் எழுதியிருந்தபடியே செய்தேன். பாகை வெந்நீரில் கரை, ஒரு கிலோ சர்க்கரை போடு, ஆறியதும் ஈஸ்டைத் தூவு, மூடு. வந்தது ஒரு திரவம். மழையில் நனைந்த அட்டைப்பெட்டியைப் பிழிந்து, அதில் ஆப்பிள் தோலை ஊறப்போட்ட மாதிரி ஒரு ருசி. ரேவதி மோந்து பார்த்துவிட்டு, "இதைக் குடிக்கணுமா, தரை துடைக்கணுமா?" என்றாள். அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. மூக்கு மட்டும் போலீஸ் நாய் மாதிரி ஆகியிருந்தது.

ஆனால் எழுதுகிறவனுக்கு முதல் பிரதி மோசமாக இருப்பது புதிதல்ல. திருத்தினால் சரியாகும். மீனா பஜார் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து பீட்டருக்கு மெயில் அனுப்பினேன். பதில் வந்தது. வெள்ளைச் சர்க்கரையை நிறுத்து, அதுதான் ருசியைக் கெடுக்கிறது. எல்லாவற்றையும் சுத்தமாக வை. குளிர்ச்சியான இடத்தில் வை. அவசரப்படாதே. குமிழி முழுக்க நின்ற பிறகே பாட்டிலில் அடை. அப்போதும் பாட்டிலுக்குச் சிட்டிகைச் சர்க்கரைதான்.

எல்லாம் புரிந்தது. அதாவது ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகப் புரிந்தது.

அந்த நேரத்தில்தான் ரேவதியின் அப்பா நாகர்கோவிலிலிருந்து விசிட் விசாவில் வந்து இறங்கினார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிரிப்பைக்கூட வட்டி பார்த்துத்தான் கொடுப்பார். அவர் வந்த காரணத்தை முதல் நாளே சொல்லிவிட்டார். மகளைப் பேறுகாலத்துக்கு ஊருக்கு அழைத்துப் போவதா, இங்கேயே விடுவதா என்று பார்க்க வந்திருக்கிறார். போனால் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை திரும்பி அனுப்புவதாக இல்லை. ரேவதிக்குப் போக இஷ்டமில்லை. எனக்கோ அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே ஏசியை நிறுத்திய மாதிரி மூச்சு முட்டியது.

"உங்க குடும்பம் நடக்குத விதத்த ஒரு மாசம் பாக்கேன் மாப்ளே. பொறவு சொல்லுதேன்" என்றார்.

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, காலையில் குளித்து, விபூதி பூசி, நல்ல மருமகனாக உட்கார்ந்திருப்பான். நானும் அப்படித்தான் இருந்தேன், அவர் பெட்டியைத் திறக்கும் வரை. பெட்டிக்குள்ளிருந்து கருப்பட்டி வந்தது. ரேவதியின் பேறுகால மருந்துக்கென்று ஓலைக் கொட்டானில் கட்டிய, தேரிக்காட்டு வெயில் உறைந்த, கரும் நிலாக்கள். அந்த மணம் வீட்டில் பரவியதும் பீட்டரின் மெயில் நினைவுக்கு வந்தது. வெள்ளைச் சர்க்கரையை நிறுத்து. இதோ, கறுப்புச் சர்க்கரை.

"அப்பா இருக்கிறப்பவா?" என்றாள் ரேவதி.

அவர் போவதற்குள் முடிந்துவிடும் என்றேன். முடிந்ததுதான்.

அன்று அடுக்களையில் நான் காட்டிய சுத்தத்தை ஆஸ்பத்திரியில்கூடப் பார்க்க முடியாது. வாளியை வெந்நீரில் கழுவினேன். கரண்டியைக் கொதிக்க வைத்தேன். குழாயைக் கொதிக்க வைத்தேன். எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் பரப்பிவிட்டு, பாகையும் பாதிக் கொட்டான் கருப்பட்டியையும் கரைத்து, ஈஸ்டைத் தூவி, முழங்கை வரை கையை உள்ளே விட்டுக் கலக்கினேன். எங்கள் வீட்டில் கரண்டியால் மாவு கரைத்தால் புளிக்காது. கை பட வேண்டும். இந்த உண்மை வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்று அவன்மேல் பரிதாபப்பட்டேன்.

அடுத்தது குளிர்ச்சியான இடம். இதில்தான் மனம் ஒப்பவில்லை. ஏசி வீட்டில் மாவு பொங்காமல் ரேவதி படும் பாட்டைத் தினமும் பார்க்கிறவன் நான். பாத்திரத்துக்குச் சால்வை சுற்றி, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் மூலையில் வைப்பாள். பீட்டர் குளிர்நாட்டுக்காரர், ஏதோ பழக்கத்தில் எழுதிவிட்டார் என்று முடிவு செய்து, வாளியைப் பால்கனியில் வைத்தேன். ஜூன் மாதம். காற்றே வியர்க்கும் பருவம். அதுவும் போதாதென்று, ஊருக்குக் கொண்டுபோக மாமாவுக்கு வாங்கி வைத்திருந்த கனத்த ரோஜாப்பூப் போட்ட கம்பளியை வாளிக்குப் போர்த்தினேன்.

மறுநாள் காலை மாமா பால்கனிக்குத் துண்டு காயப்போடப் போனார். கம்பளிக்குள்ளிருந்து ளொப், ளொப் என்று சத்தம்.

"இது என்னதுவாக்கும் மாப்ளே?"

"மாவு மாமா" என்றேன். உலகத்தில் வேறு சொல்லே கிடைக்கவில்லை.

"இம்பிட்டு மாவா?"

அலுவலகத்தில் எல்லோருக்கும் இட்லி தருவதாகச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். அதன்பின் தினமும் காலையில் தட்டில் உப்புமாவைப் பார்த்துவிட்டு, "அந்த மாவு எப்பமாக்கும் இட்லியாவது?" என்று அமைதியாகக் கேட்பார். நான் ரேவதியைப் பார்ப்பேன். ரேவதி உப்புமாவைப் பார்ப்பாள்.

அந்த வாளிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இரவுபோல் கறுத்த ஒரு சிறு கடல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. குழாய் வழியாக நுரை ஏறி, கம்பளியின் ரோஜாக்கள் ஒவ்வொன்றாகப் பழுப்பாயின. அது சந்தோஷமாக இருக்கிறதா, கோபமாக இருக்கிறதா? பீட்டர் குமிழி நிற்கட்டும் என்றார். என் ரத்தமோ வேறு சொன்னது. பொங்கிய மாவை உடனே எடுத்து வைக்காவிட்டால் புளித்துத் தொலையும். எந்த வீட்டிலாவது மாவு பொங்கி அடங்கும்வரை காத்திருப்பார்களா?

பொங்கும்போதே எடுத்துவிட்டேன். கழுவி வைத்திருந்த திராட்சை ஜூஸ் கண்ணாடி பாட்டில்களில் நிரப்பினேன். முதல் முறை பீரில் நுரையே இல்லை என்ற குறை நினைவிருந்ததால், சிட்டிகைச் சர்க்கரைக்குப் பதில் பாட்டிலுக்கு ஒரு பெரிய துண்டு கருப்பட்டி. மூடியை இறுக்கி, மேலே டேப்பும் சுற்றினேன். அட்டைப்பெட்டியில் அடுக்கி, பால்கனியில் மாமாவின் பயணப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். (ஒரு வெடிகுண்டு நிபுணரும் இதைவிட ஒழுங்காகச் செய்திருக்க முடியாது என்று பின்னாளில் எனக்குச் சொல்லப்பட்டது.)

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மாமா காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். இன்று தன் முடிவைச் சொல்லப்போவதாக அறிவித்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். ரேவதி எதிரே. நான் நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் நடுவில் ஒரு மாதிரி குனிந்திருந்தேன். மாமா தொண்டையைக் கனைத்தார். என்னை இதுவரை குறை சொல்ல ஒன்றும் தென்படவில்லை என்று ஆரம்பித்தார்.

டம்.

மாமா அடுக்களையைப் பார்த்து, சிலிண்டர் என்று சொல்லி, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அந்த வயதில் அப்படி ஒரு வேகம். டம். டம். பிறகு ஒரு சின்ன இடைவெளி, நம்பிக்கை கொடுப்பதற்காக. பிறகு சரமாரியாக. பால்கனிக் கதவின் கண்ணாடி முழுக்கப் பழுப்பு நுரை வழிந்தது. பனங்காட்டில் யாரோ மழையை அவிழ்த்துவிட்ட மாதிரி, வீடெங்கும் வாசனை. எனக்கு அந்தக் கணத்திலும் அது அழகாக இருந்தது என்பதுதான் கேவலம்.

வாசலில் வாட்ச்மேன் கான் பாய் நின்றார். "க்யா ஹுவா பாய்?"

அவர் மோந்து பார்த்துவிட்டால் போதும். வேலை, விசா, வீடு, எல்லாம் கலாஸ். ரேவதி ஊருக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வியே இருக்காது, எல்லோரும் ஒரே விமானத்தில் போகலாம். வாயைத் திறந்தேன். வந்தது "மாவு" என்ற சொல். கான் பாய்க்கு அது புரியவில்லை.

மாமா மூக்கை உயர்த்தி ஒருமுறை காற்றை இழுத்தார். பனையேறிகள் நிறைந்த ஊர்க்காரருக்கு அந்த வாசனையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண்ணை மூடித் திறந்தார். பிறகு, வாழ்நாளில் ஒரு பொய்க் கையெழுத்தைக்கூட விடாமல் பிடித்த அந்த மனிதர், மகளின் வயிற்றைக் காட்டி, தனக்குத் தெரிந்த மொத்த ஹிந்தியையும் செலவழித்தார்.

"பேட்டி கா தவாயி. ஆயுர்வேதிக். லேகியம். கர்மி... டம்."

மகளுக்கு மருந்து, சூட்டில் வெடித்துவிட்டது என்று அர்த்தம். கான் பாய் ரேவதியைப் பார்த்தார். நுரை வழியும் கண்ணாடியைப் பார்த்தார். "அச்சா, அச்சா" என்றார் மரியாதையாக. பிறகு தயங்கி, தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, கொஞ்சம் கிடைக்குமா என்றார்.

"மாஃபி. கலாஸ்" என்று, இல்லை தீர்ந்துவிட்டது என்பதற்கு இங்கே வந்து கற்ற இரண்டு அரபிச் சொற்களோடு, மாமா கதவைச் சாத்தினார்.

மாமா பால்கனிக்குப் போய், ரோஜாக்கள் செத்துப்போன கம்பளியைப் பார்த்தார். பாதி காலியான கருப்பட்டிக் கொட்டானைத் தூக்கி எடை பார்த்தார். ஓரமாகத் தப்பிப் பிழைத்திருந்த ஒரே பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து, மூலையில் தூரமாக வைத்தார். எனக்கு விஷயம் முடிந்துவிட்டது என்று புரிந்தது. ரேவதியின் பெட்டியை அலமாரிமேலிருந்து நானே இறக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

"மக்ளே" என்றார். என்னைப் பார்க்கவில்லை. "நீ இங்கனயே இரு. பேறுகாலத்துக்கு அம்மைய அனுப்பி வைக்கேன். இவரத் தனியா விட்டுட்டு வந்தா, நீ பிள்ளையோட திரும்பி வாறப்பம் இந்தக் கட்டடம் இருக்காது."

வாழ்க்கையில் நான் கேட்ட மிக மோசமான நற்சான்றிதழ் அதுதான். அழுதுவிட்டேன். சந்தோஷத்திலா, அவமானத்திலா என்று இன்றுவரை பிரித்தெடுக்க முடியவில்லை.

மகள் துபாயில்தான் பிறந்தாள். மாமா போனில் முதல் தடவை அவளை "நுரை" என்று கூப்பிட்டார். அது வீட்டுப் பெயராக நிலைத்துவிட்டது. கவிதை எழுதுகிற அப்பா வைத்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு இப்போது கல்லூரி வயது. கதையை எனக்கு முன்னால் அவளே ஆங்கிலம் கலந்து, கான் பாய் குரலெல்லாம் போட்டு, தோழிகளுக்குச் சொல்லிவிடுகிறாள். சொல்லச் சொல்ல பாட்டில்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.

மாமா இப்போதும் ஊரிலிருந்து கருப்பட்டி அனுப்புகிறார், ரேவதி பெயருக்கு. போனமுறை நாங்கள் நாகர்கோவில் போயிருந்தபோது வெயிலுக்கு ஒரு சோடா வாங்கி, மூடியில் கை வைத்தேன். ரேவதி நுரையை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். எண்பதைத் தாண்டிய மாமா எழுந்து வந்து, என் கையிலிருந்து பாட்டிலை மெதுவாக வாங்கினார்.

"மாவு எப்பமாக்கும் இட்லியாவது மாப்ளே?" என்று கேட்டுவிட்டு, அவரே திறந்தார்.