ஒரு விளக்குக்காகக் கடையை நிறுத்தியவர்

எட்டுக் காரியம் கூடி வந்து ஒன்பதாவது சற்றே முரண்டு பிடித்தால், கூடி வந்த எட்டையும் சேர்த்து நிறுத்திவிடுகிற மனிதர்கள் ஒருவகை உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் செஞ்சிக் கடைத்தெருவில் அவருக்குக் கோவிந்தராஜ் என்று பெயர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில் புது ஜவுளிக்கடை திறந்தார். தோரணம் கட்டியாயிற்று, சந்தனம் கரைத்தாயிற்று, அலமாரி நிறையப் புடவை அடுக்கியாயிற்று, மூன்று குண்டு பல்புகளும் மின்விசிறியும் சொன்ன பேச்சு கேட்டன. வாசலுக்கு மேலே மாட்டிய ட்யூப் லைட், தெருவுக்கே புதுசு, அது மட்டும் இரண்டு தரம் கண்சிமிட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. பட்டப்பகல். கோட்டை மலையில் வெயில் கொளுத்துகிறது. விளக்கு எதற்கு என்கிறீர்களா? அதை அவரிடம் கேட்டுப் பாருங்களேன்!

"அது எரியலன்னா எதுவும் எரிய வேணாம்!" என்று பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாவம், விசிறியும் நின்றது. எதிர்க்கடை ஏணியை வாங்கி வந்து வாசலை அடைத்துப் போட்டு, உச்சியில் ஏறி, கரண்டே இல்லாத ட்யூபை ஏன் எரியவில்லை என்று திருக ஆரம்பித்தார்.

கீழே தொண்டூர்த் தைலம்மாள் நின்றாள்.

"பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் மொதலாளி. ஒரு பொடவ குடுங்க, பஸ்சு போயிடும்."

"லைட்டு எரியட்டும்மா. இருட்டுக் கடையில யாராவது போணி பண்ணுவாங்களா?"

அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. உள்ளே இருந்த அவர் மனைவி ஜெயம், ஏணிக்கால்களுக்கு நடுவே ஓர் அரக்குப் புடவையை நீட்டினாள். தைலம்மாள் அதை வாங்கித் தெருவில் இறங்கி வெயிலில் விரித்துப் பார்த்தாள். எந்த ஊர்க் கடையிலும் பெண்கள் செய்வதுதானே? விளக்கை நம்பி யார் சாயம் பார்க்கிறார்கள்?

"நெறம் நல்லாருக்குதும்மா. இதயே குடுத்துடு."

காசு ஏணிக்கு அடியில் போயிற்று. தைலம்மாள் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். அதைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் வந்து அதே வழியில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

திருகலில் மூழ்கியிருந்தவருக்கு ஒன்றும் தெரியாது. ஒருவழியாக இறங்கி, பியூஸை மாட்டி, ட்யூப் பளிச்சென்று எரிந்ததும் கையைத் தட்டினார்.

"ம், இப்பத் தொற கடைய!"

"அஞ்சு பொடவ வித்தாச்சுங்க," என்றாள் ஜெயம்.

"அதெல்லாம் போணியில சேத்தி இல்ல!"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இதைப் படிக்க உட்காருமுன் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று, அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடம் கிளம்பிய பெண்ணைத் தடுத்து, வாசலில் செருப்பு மாட்டிய தம்பியையும் நிறுத்திவைத்தீர்களே, கண்ணாடி கிடைத்துவிட்டது அல்லவா? மூன்று பேரும் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள். போகச் சொல்லுங்கள்.